கெர்னல் முதலில் யாரிடம் பேசும்?

லினக்ஸ் நிறுவிய கணினியை இயக்கியதும் கறுப்புத் திரையில் வெள்ளெழுத்து வரிகள் விரைந்தோடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அவ்வரிகளை எழுதுவது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு. தனக்கு எதிரே திரை இருக்கிறதா என்பதே அப்போது அதற்கு உறுதியாகத் தெரியாது. ஆயினும் பேசியாக வேண்டும்; பேசாமல் நின்றுபோனால் ஏன் நின்றது என்று சொல்ல வேறு ஆளில்லை. அது பேசும் இடத்துக்குக் கன்சோல் என்று பெயர். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மூலநிரலும் மனிதர் எழுதிய நூல்தான். படிப்பவர் யார் என்ற கணிப்பு அதற்குள்ளும் இருக்கிறது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டெனிஸ் ரிட்சியும் யுனிக்ஸைத் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. கணினியோடு பேச டெலிடைப் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய மாடல் 33 என்ற இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்துகளைக் காகிதச் சுருளில் அடிக்கும். பெரிய எழுத்துகள் மட்டுமே. மெதுவானது, இரைச்சலானது. ஆனால் அடித்தது அடித்ததுதான். இரவில் இயந்திரம் படுத்துவிட்டாலும் காலையில் வருபவர் சுருளை இழுத்துப் படித்துக்கொள்ளலாம். பின்வந்த கண்ணாடித் திரைகள் இந்த ஒரு வசதியைப் பறித்துக்கொண்டன என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. டெலிடைப்பின் நினைவு மட்டும் 'டிடிஒய்' என்ற மூன்றெழுத்தாய் இன்றும் யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1991இல் ஹெல்சின்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பல்கலைக்கழகக் கணினியோடு தம் வீட்டிலிருந்து தொடர்புகொள்ள ஒரு முனையநிரல் எழுதினார். அதுவே வளர்ந்து லினக்ஸ் ஆயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த 0.01 பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்டது. அதில் மூன்று டிடிஒய்கள் உண்டு. சுழியம் என்ற எண்ணுடையது திரையும் விசைப்பலகையும். மற்ற இரண்டும் சீரியல் போர்ட்டுகள். கெர்னலின் செய்திகள் யாவும் சுழியத்துக்கே போகும்; முதல் நிரலும் அதையே திறந்துகொள்ளும். தெரிவு என்று எதுவுமில்லை, முகவரி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. தொலைவிலுள்ள கணினியின் குரலைக் கேட்கப் பிறந்த நிரல், தன் குரலைத் தொலைவுக்கு அனுப்ப வழி வைத்துக்கொள்ளவில்லை! அதைக் குறையென்று சொல்ல நமக்கு மனமில்லை. எழுதியவரே படிப்பவராகவும் இருந்தார். அவர் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு லினக்ஸ் திரையில்லாத இடங்களுக்குப் போயிற்று. அலமாரிகளில் அடுக்கிய சர்வர்களுக்கு விசைப்பலகையும் கிடையாது. 1999 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பில் சீரியல் கன்சோல் முறையாக இடம்பெற்றது: ஒரு கம்பியின் மறுமுனையில் இன்னொரு கணினியை வைத்துக் கெர்னலின் பேச்சைக் கேட்கலாம். எங்கே பேச வேண்டும் என்பதை இயக்கும்போதே கட்டளை வரியில் எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கன்சோல்களையும் குறிக்கலாம். ஒன்றும் குறிக்காவிட்டால் முதலில் திரை, அது இல்லையேல் சீரியல் போர்ட் என்பது ஆவணம் சொல்லும் வரிசை.

சிக்கல் இதற்குள்தான் இருக்கிறது. பல கன்சோல்களைக் குறித்தால் கெர்னலின் செய்திகள் எல்லாவற்றுக்கும் போகும். ஆனால் கெர்னல் எழுந்து நின்றபின் தொடங்கும் நிரல்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கன்சோல். கட்டளையில் கடைசியாக எழுதப்பட்டது எதுவோ அது. சீரியலை முன்னும் திரையைப் பின்னும் எழுதிவிட்டவர் கம்பியின் மறுமுனையில் காத்திருந்தால், கெர்னல் கடகடவென்று பேசிவிட்டுச் சட்டென அடங்கிவிடும். இயந்திரம் செத்துவிட்டது என்றே அவர் நினைப்பார். அதுவோ யாருமற்ற அறையில், யாரும் பார்க்காத திரையிடம் பேசிக்கொண்டிருக்கும். சொற்களின் வரிசைக்கு இவ்வளவு பொருளைக் கொடுத்துவிட்டு, அதைக் காட்ட ஓர் அடையாளமும் வைக்காதது பிழையான இலக்கணம் என்பதே நம் கருத்து. இனி மாற்றவும் முடியாது. எத்தனையோ இயந்திரங்களின் கட்டளை வரிகள் இந்த விதியை நம்பி எழுதப்பட்டுவிட்டன.

ஒரு கன்சோலும் இல்லாவிட்டால்? அப்போது முதல் நிரலுக்குரிய உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகிய மூன்று வழிகளும் திறவாமலே கிடக்கும். அவை இருப்பதாக நம்பும் நிரல் எதிர்பாராத வகையில் தடுக்கி விழும். இதற்கு மருந்தாக 2020 இறுதியில் ஓர் ஏற்பாடு நுழைந்தது. எதையும் கேட்காத, எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிற வெற்றுக் கன்சோல் ஒன்றைக் கடைசிப் புகலாக நிறுத்தினார்கள். சில கணினிகளில் உண்மையான கன்சோல் சற்றுத் தாமதமாக வந்து சேரும். வந்து பார்த்தால் அதன் இருக்கையில் இந்தச் செவிடன் அமர்ந்திருந்தான். 2021 ஜனவரியில் அந்த ஏற்பாட்டைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொரு கன்சோலையும் சொல்லியாக வேண்டும். கெர்னலின் வரிகளைப் பிரெயில் கருவிக்கு அனுப்பும் வசதி 2008இல் சேர்ந்தது. கண் தெரியாதவருக்கான திரைவாசிப்பு நிரல்கள் கெர்னல் எழுந்தபின்னரே தொடங்கக்கூடியவை. அதற்கு முன்வரும் செய்திகள் அதுவரை அவர்களுக்கு எட்டாமலிருந்தன. இப்போது கடைசிச் செய்தி விரல்நுனிக்கு வரும். இன்செர்ட் விசையை அழுத்திவிட்டு அம்புக்குறிகளால் முந்தைய வரிகளுக்கும் போய்வரலாம். கடைசியாகக் குறித்ததே முதன்மை என்ற போட்டியில் இந்தக் கன்சோல் கலந்துகொள்வதில்லை என்று ஆவணம் தனியே குறிப்பிடுகிறது. கட்டளை வரியில் எங்கே எழுதினாலும் அது பிறர் இடத்தைப் பிடிக்காது.