கம்பிவழி வந்த தமிழ்: மும்பைத் தமிழ் வீடுகளும் தொலைக்காட்சி இணைப்பும்

மும்பைத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக நுழையும் வாயில்கள் சில உண்டு. தாராவி என்றால் தோல் பதனிடும் தொழிலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களும். மாட்டுங்கா என்றால் 1932இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம், ஆஸ்திக சமாஜம், சண்முகானந்தா அரங்கு. செம்பூர் என்றால் செட்டா நகர் முருகன் கோயிலும், சற்றுத் தள்ளி அணுசக்தி நகரின் பணியாளர் குடியிருப்பும். இவற்றோடு 1966க்குப் பிறகு சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராக நடத்திய இயக்கத்தையும் சேர்த்துவிட்டால் கட்டுரை ஏறக்குறைய முடிந்துவிடும். சங்கமும் பள்ளியும் கோயிலும் பதிவேடு வைத்திருக்கும் நிறுவனங்கள் என்பதால் அவை வரலாற்றில் இடம்பெறுகின்றன. மாடியிலிருந்து மாடிக்குத் தாவி, சன்னல் சட்டத்தில் துளையிட்டு, கூடத்துக்குள் நுழைந்த கறுப்புக் கம்பிக்கு அத்தகைய பதிவேடு இல்லை. இக்குறிப்பு அந்தக் கம்பியைப் பற்றியது.

எந்த இணைப்பை வாங்குவது என்ற கேள்வி இன்று வேகம், கட்டணம், மாதக்கணக்கு ஆகியவற்றைப் பற்றியதாக இருக்கிறது. மும்பைத் தமிழ் வீடுகளில் கால் நூற்றாண்டுக்கு மேல் அதன் முதல் வடிவம் வேறு: “தமிழ் வருமா?” இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அது எப்படிக் கைமாறிற்று என்பதைத் தொடர்ந்து பார்த்தால், இந்நகரத்தில் தமிழ் எவ்வாறு வீட்டுமொழியாக நீடித்தது, எங்கே தளர்ந்தது என்பதற்குச் சில தடயங்கள் கிடைக்கின்றன. மொழிப் பயன்பாட்டைக் களங்களாகப் பிரித்து ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன் வழியில் வந்தவர்கள், வீட்டைச் சிறுபான்மை மொழியின் கடைசி அரணாகக் கருதுவார்கள். அந்த அரணுக்கும் ஒரு கதவு உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி அக்கதவின் வழியாகத்தான் உள்ளே வந்தது.

பம்பாய்த் தூர்தர்ஷன் நிலையம் 1972 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. தரைவழி ஒளிபரப்பில் ஒரு வீட்டுக்கு என்ன மொழி கிடைக்கும் என்பதை அருகிலிருக்கும் கோபுரமே முடிவு செய்யும். வொர்லி நிலையத்திலிருந்து மராத்தியும் இந்தியும் குஜராத்தியும் வந்தன. 1975இல் சென்னை நிலையம் தமிழில் ஒளிபரப்பத் தொடங்கியபோதும் அது மாட்டுங்காவுக்கு எட்டவில்லை. 1980களில் ஞாயிறு பிற்பகலின் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்கள் காட்டப்பட்டன. தமிழின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அக்காலத்தில் தமிழ்ப் படத்தை விரும்பியவர்களுக்குக் கிங்ஸ் சர்க்கிளில் அரோரா திரையரங்கு இருந்தது. தாராவியில் வீடியோ கொட்டகைகள் இருந்தன. வீட்டுக்குள் தமிழ் ஒலிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. மக்கள் பேசினார்கள், வானொலி கேட்டார்கள், கடிதம் எழுதினார்கள். பெட்டிக்குள் மட்டும் தமிழ் இல்லை.

கேபிள் தொழில் மும்பையில் செயற்கைக்கோளுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1980களின் நடுவில் அடுக்குமாடிக் கட்டடங்களில் யாரேனும் ஒருவர் வீடியோ கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, மாதச் சந்தாவுக்கு மற்ற வீடுகளுக்குக் கம்பி இழுத்துத் தினமும் படம் காட்டினார். 1991இல் வளைகுடாப் போரின் நேரடிக் காட்சிகளும் அதே ஆண்டில் ஸ்டார் தொலைக்காட்சியும் வந்தபோது, அந்த மனிதர் மொட்டைமாடியில் ஒரு பெரிய டிஷ்ஷை நிறுத்தினால் போதுமாயிற்று. கேபிள்காரர் என்ற புதிய தொழிலாளி, சிறு முதலாளி, வட்டாரப் புள்ளி, மூன்றும் கலந்த ஒருவர் உருவானார். 1992 அக்டோபரில் ஜீ வந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் நடந்த கலவரங்களில் தாராவி எரிந்து ஆறிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இந்த இடத்தில் தொழில்நுட்பத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது; வரலாற்றின் முடிச்சு இங்குதான் இருக்கிறது. ஸ்டாரும் ஜீயும் ஆசியாசாட்-1 என்ற ஒரே செயற்கைக்கோளில் வந்தன. சன் அதில் இல்லை. வேறொரு செயற்கைக்கோளைப் பிடிக்க வேண்டுமென்றால் அதன் திசையை நோக்கி இன்னொரு டிஷ் வேண்டும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனியாக ஓர் ஏற்பியும் ஒரு மாடுலேட்டரும் வேண்டும். இவற்றையெல்லாம் வாங்கினாலும் பார்ப்பவர் வீட்டுப் பெட்டியில் இடம் வேண்டும். அக்காலப் பெட்டிகள் பலவற்றில் எட்டு அல்லது பன்னிரண்டு பொத்தான்களே இருந்தன. ஆகவே ஒப்புமைச் சமிக்ஞைக் காலத்தில் தமிழ் என்பது தனிப்பட்ட வீட்டின் தெரிவாக இருக்க முடியாது. ஒரே கம்பியில் தொங்கும் அத்தனை வீடுகளுக்கும் ஒரே பட்டியல்தான். ஒரு பொத்தானில் தமிழ் ஏறினால் வேறு ஏதோ ஒன்று இறங்கும்.

இந்தக் கணக்கில் செல்வத்தைவிட நெருக்கம் வலியது. தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய தமிழ்ச் சந்துகளில் ஒரு கம்பியின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தமிழர். டிஷ்ஷின் செலவு அத்தனை வீடுகளுக்கும் பகிரப்படும். மாட்டுங்காவிலோ, கல்வியும் வருமானமும் கூடிய தமிழ்க் குடும்பம், குஜராத்தி, கட்ச்சி, மராத்தி அண்டை வீட்டாரோடு ஒரே கட்டடத்தில் இருந்தது. பன்னிரண்டு பொத்தான்களில் ஒன்றை அது கேட்டுப் பெற வேண்டும். தொழில்நுட்பத்தையும் குடியிருப்பு அமைப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், தமிழ்த் தொலைக்காட்சிக்கு இயல்பான நிலம் மாட்டுங்கா அல்ல, தாராவியும் சீத்தா கேம்பும் என்ற முடிவுக்கே வருகிறேன். 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டு, செம்பூருக்கு அப்பால் கொண்டுபோய் விடப்பட்ட மக்களின் குடியிருப்பே சீத்தா கேம்ப். அங்கும் தமிழர் அடர்த்தியாக வாழ்ந்தனர். மும்பைத் தமிழ்ப் பண்பாட்டின் தலைநகரமாக மாட்டுங்காவை எழுதிப் பழகியவர்கள் இந்த ஒரு துறையிலாவது வரைபடத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

சட்டம் இதில் என்ன செய்தது? 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், கேபிள்காரரைத் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் தூர்தர்ஷனின் இரண்டு தரைவழி அலைவரிசைகளையும், மாநிலத்தின் வட்டார மொழி அலைவரிசை ஒன்றையும் முதன்மை இடத்தில் காட்டக் கட்டாயமாக்கியது. ‘வட்டார மொழி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மகாராட்டிரத்தில் அது மராத்தி. தமிழ் இந்நகரத்தில் எந்தச் சட்டத்தின் கண்ணுக்கும் வட்டார மொழி அன்று. அது கேபிள்காரரின் மனத்தையும் சந்தின் தலைக்கணக்கையும் நம்பி இருந்த மொழி. அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தில் தொங்கும் கம்பி யாருடைய சொத்து என்பதை அந்தந்தச் சந்தே தீர்மானித்தது.

1999 இறுதியில் ‘சித்தி’ தொடர் வந்தபோது இந்தக் கம்பியின் பண்பாட்டு எடை முழுமையாகத் தெரிந்தது. நெல்லை வழக்கு பேசும் வீட்டுக்குள் சென்னைத் தொடர்த்தமிழ் நாள்தோறும் நுழைந்தது. மொழியியலாளர் இதைப் பெரிதுபடுத்தக் கூடாது: கேட்பதால் மட்டும் பேச்சு வளர்வதில்லை, வாசிப்பு வளர்வதேயில்லை. மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்த தலைமுறைக்கு எழுத்து இருந்தது. ஆங்கிலவழிக்கு மாறிய தம்பி தங்கையருக்கு எழுத்து போயிற்று, கேட்புத்திறன் நின்றது. அந்தக் கேட்புத்திறன் நின்றதில் கம்பிக்கு ஒரு பங்கு உண்டு என்றே கருதுகிறேன். தாத்தாவின் மொழியைப் புரிந்துகொண்டு இந்தியில் பதில் சொல்லும் பிள்ளைகளைத் தமிழ் இழந்தவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடும் கட்டுரைகள் எனக்கு உவப்பானவை அல்ல.

பிறகு எண்முறைக் காலம். 2006 இறுதியில் நிபந்தனை அணுகல் முறை மும்பையின் தெற்குப் பகுதியில் நடைமுறைக்கு வந்தபோது கட்டண அலைவரிசை ஒன்றின் உச்சவிலை 5 ரூபாய். 2007 டிசம்பரில் சன் டைரக்ட் தொடங்கியது. நேரடிச் செயற்கைக்கோள் சேவைகள் பரவியபின் கேபிள்காரரைக் கேட்காமலே சன்னலில் ஒரு சிறு டிஷ்ஷை மாட்டித் தமிழைப் பெற வழி பிறந்தது. மாட்டுங்காவும் செம்பூரும் அப்போதுதான் தாராவியை எட்டிப் பிடித்தன எனலாம். 2012 அக்டோபர் 31 நள்ளிரவோடு மும்பையில் ஒப்புமைச் சமிக்ஞை நிறுத்தப்பட்டது. செட்-டாப் பெட்டியில் நூற்றுக்கணக்கான அலைவரிசைகளுக்கு இடம் இருந்தது. தமிழுக்காக எதையும் இறக்க வேண்டியதில்லை.

இடம் கிடைத்தது, விலை ஒட்டிக்கொண்டது. 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ட்ராயின் கட்டண ஆணைப்படி, நூறு அலைவரிசைகளுக்கான வலையமைப்புக் கட்டணம் 130 ரூபாய். சன் தொலைக்காட்சியின் விலை 19 ரூபாய். இரண்டையும் கூட்டி 18 விழுக்காட்டு வரியைச் சேர்த்தால் 175 ரூபாய் 82 காசு. முன்பு சந்து முழுவதும் சேர்ந்து சுமந்த செலவு, இப்போது ஒவ்வொரு வீட்டின் பட்டியலிலும் தனி வரியாக நின்றது. ஒரு வேடிக்கை: கட்டாயமாகக் காட்ட வேண்டிய தூர்தர்ஷன் அலைவரிசைகளின் பட்டியலில் பொதிகையும் இருந்தது. தமிழ் தெரியாத மலபார் ஹில் வீட்டுக்கும் அரசாங்கத் தமிழ் இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது.

சொல்லாட்சியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. செம்பூரில் வாடகை வீடு எடுத்தபோது பெட்டி பொருத்த வந்த இளைஞர் என்னிடம் கேட்டார்: “சவுத் வாலா பேக் டால் தூம் க்யா?” தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் அவருடைய கைப்பேசித் திரையில் ‘சவுத்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடங்கியிருந்தன. ‘மதராசி’ என்ற பழைய சொல் செய்த வேலையை விலைப்பட்டியல் பணிவான குரலில் செய்கிறது.

பிராட்பேண்டின் கதை வேறு வரைபடத்தில் நடந்தது. 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் இணையச் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2004இன் தேசியக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறையாத இணைப்பையே பிராட்பேண்ட் என்றது. அடுத்த ஆண்டு எம்டிஎன்எல் கொண்டுவந்த சேவை தொலைபேசியின் செப்புக் கம்பி வழியே வந்தது. ஆகவே தொலைபேசி இருந்த வீட்டுக்கே இணையம். அமெரிக்காவிலுள்ள மகனின் முகத்தைத் திரையில் பார்க்க விரும்பிய மாட்டுங்கா பெற்றோர் இங்கு முந்தினர். தாராவி காத்திருந்தது, பின்னர் அதே கேபிள்காரர் வேறொரு கம்பியோடு வந்தார். அவருக்கு ஆளையும் வாசலையும் தெரியும். பெருநிறுவனத்துக்கு முகவரிச் சான்று தேவைப்பட்டது. ஏணி ஏறிப் போகும் மாடியறையில் உள்வாடகைக்கு இருப்பவரிடம் அது இருப்பதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் பெரும்பாலோருக்கு இணையம் என்பது கைப்பேசியாயிற்று. 2018இல் ரிலையன்ஸ் நிறுவனம் ஹாத்வே, டென் ஆகிய கேபிள் நிறுவனங்களின் பெரும்பங்கை வாங்குவதாக அறிவித்தபோது, மொட்டைமாடிக் கம்பியும் கண்ணாடி இழையும் ஒரே கைக்குள் வரத் தொடங்கின.

கண்ணாடி இழை வந்த வீட்டில் “தமிழ் வருமா?” என்று யாரும் கேட்பதில்லை. 2017இல் தொடங்கிய சன் நெக்ஸ்ட் உட்பட எல்லாம் வரும். ஆனால் அது அவரவர் திரையில் வரும். பாட்டி பார்க்கும் தொடரைப் பேரன் விருப்பமில்லாமலேனும் கேட்டுக்கொண்டிருந்த கூடம் அங்கு இல்லை. தற்செயலாகக் காதில் விழும் மொழியின் அளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளக்க வேண்டும். என் ஆய்வின் ஒரு பகுதி இதைச் சார்ந்தது.

அதனால்தான் ஒரு வேண்டுகோளும். தாராவி மறுசீரமைப்பில், தரைத்தளத்தில் 2000 சனவரி 1க்கு முன் குடியிருந்ததை நிறுவ முடிந்தவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. மாடியறைக்காரர் பலருக்கு ஒதுக்கப்படுவது தாராவிக்கு வெளியே. ஒரே கம்பியில் தொங்கிய வீடுகள் பல திசைகளில் பிரியும்போது பெட்டிகளும் தகரப்பேழைகளும் காலியாகும். மாதச் சந்தா குறித்த கேபிள் அட்டை, அலைவரிசைப் பட்டியல் அச்சிட்ட துண்டுத்தாள், வட்டாரக் கேபிளில் ஓடிய திருமண வாழ்த்து விளம்பரத்தின் ரசீது, எதுவாயினும் தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், சீத்தா கேம்ப் உறவினர் வீடுகளில் கிடந்தால் எடைக்குப் போடும் முன் இருபுறமும் ஒளிப்படம் எடுத்து அனுப்புங்கள். பெயரையும் வீட்டு எண்ணையும் மறைத்துவிடலாம். எந்தச் சந்து, எந்த ஆண்டு என்பது தெரிந்தால் போதும்.