மட்டக்களப்புக் கடலில் மறைந்த நாசகாரி

கடற்போரின் வரலாற்றிலே பெருங் கப்பல்களின் பெயர்களே முதலிடம் பெறுகின்றன. அவற்றுக்குக் காவலாகச் சென்ற சிறு கப்பல்கள் ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன. 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிக் கேள்வியுற்றோர் பலர். அதே காலையில் அதனருகே மூழ்கிய அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலாகிய ‘வம்பயரை’ அறிந்தோர் சிலரே.

வம்பயர் 1917 இல் இங்கிலாந்தில் வெள்ளோட்டம் விடப்பட்டு, 1933 இல் அவுஸ்திரேலியக் கடற்படைக்குக் கைமாறியது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அதற்கு வயது இருபத்திரண்டு. நாசகாரி ஒன்றுக்கு அது முதுமைப் பருவமாகும். அதனையும் அதன் நான்கு தோழமைக் கப்பல்களையும் ‘பழைய இரும்பு’ என ஜெர்மானியப் பிரசாரகர் எள்ளி நகையாடினர். மாலுமிகளோ அவ்வசையையே விருதாக ஏற்றுக்கொண்டனர். 1940 யூலையில் கலாபிரியாவுக்கு அப்பால் இத்தாலியக் கடற்படையுடன் நிகழ்ந்த போரில் வம்பயர் பங்குகொண்டது. 1941 இல் கிரேக்க நாட்டிலிருந்து நேசப்படையினரை மீட்கும் பணியிலும் ஈடுபட்டது. பின்னர் பழுதுபார்ப்பதற்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது.

அங்கேதான் அதன் கடுஞ்சோதனை தொடங்கிற்று. 1941 டிசெம்பரில் ‘பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்’, ‘றிப்பல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களுடன் காவலுக்குச் சென்ற நான்கு நாசகாரிகளுள் வம்பயரும் ஒன்று. அவற்றுக்கு மேலே வானிற் காவல் இருக்கவில்லை. 10 ஆம் திகதி, மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால், யப்பானிய விமானங்கள் அவ்விரண்டையும் மூழ்கடித்தன. எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலில் தத்தளித்தோருள் இருநூறுக்கு மேற்பட்டோரை வம்பயர் தூக்கியெடுத்துக் காப்பாற்றியது. அடுத்த மாதம் எண்டாவ் அருகே நிகழ்ந்த இரவுப் போரில் உடன்சென்ற ‘தானற்’ மூழ்க, வம்பயர் மட்டும் மீண்டது.

பின்னர் அது இலங்கைக்கு வந்தது. ஏப்பிரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானியர் கொழும்பைத் தாக்கினர். அடுத்த தாக்குதல் திருகோணமலைமீது என எச்சரிக்கை கிடைக்கவே, 8 ஆம் திகதி ஹேர்மிஸும் வம்பயரும் துறைமுகத்தை நீங்கித் தெற்கு நோக்கிச் சென்றன. மறுநாட் காலை துறைமுகம் தாக்கப்பட்டது. கரையோரமாகத் திரும்பிவந்த இரு கப்பல்களையும் யப்பானிய வேவு விமானமொன்று கண்டுவிட்டது. ஹேர்மிஸ் விமானந்தாங்கியே எனினும், அன்று அதன்மேல் ஒரு விமானமேனும் இருக்கவில்லை.

முற்பகல் பத்தரை மணியளவில் குண்டுவீச்சு விமானங்கள் திரள்திரளாகப் பாய்ந்தன. சிறிது நேரத்துள் ஹேர்மிஸ் மூழ்கிற்று. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனுடன் மாண்டனர். பின்னர் விமானங்கள் வம்பயர்மீது திரும்பின. குண்டுகள் தாக்க, அது இரண்டாகப் பிளந்து கடலில் ஆழ்ந்தது. அதன் தளபதி கொமாண்டர் மொரான் உயிர்துறந்தார். எனினும் மாலுமிகளிற் பெரும்பாலோர் உயிர்தப்பினர். கரையிலிருந்து காப்பு விமானங்கள் வந்தபோது காலம் கடந்துவிட்டது. இரு கப்பல்களிலும் எஞ்சியோருள் ஏறக்குறைய அறுநூறு பேரை ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது. குவாந்தானிற் பிறரைக் கடலிலிருந்து தூக்கிய கைகளை, மட்டக்களப்பிற் பிறர் தூக்க நேர்ந்தது.

வம்பயரை வீழ்த்தியது அதன் முதுமையன்று. மாலுமிகளிடத்து வீரம் குறைந்ததுமன்று. வானிற் காவலில்லாத கப்பல், புதியதாயினும் பழையதாயினும், பெரிதாயினும் சிறிதாயினும், பிழைத்தல் அரிது என்ற உண்மை குவாந்தானிலேயே வெளிப்பட்டது. நான்கு மாதங்களுள் அதே உண்மையை மட்டக்களப்புக் கடலில் மீண்டும் உணர்த்துவதற்கு முந்நூறு உயிர்களுக்கு மேல் விலையாயின.