சோழமண்டலக் கரையின் ஆற்றுமுகத் துறைகள்

சோழமண்டலக் கரைக்கு நல்ல துறைமுகம் ஒன்றும் இல்லை என்று மேனாட்டு மாலுமிகள் எழுதிவைத்தனர். அதனை நம்மவர் பலரும் ஆராயாது ஏற்றுப் பிரசங்கங்களிலும் நூல்களிலும் வழங்கி வருகின்றனர். அவ்வுரை ஒருவாற்றான் மெய்யே. கோடிக்கரை முதல் பழவேற்காடு வரை கப்பல் ஒதுங்குதற்கு ஒரு மலைமுனையோ, ஆழ்ந்த குடாவோ, மறைவான தீவோ இல்லை. வங்கக்கடலின் அலை தடையின்றி வந்து மணலில் மோதுகின்றது. ஆயினும் இத்தகைய கரையிலேதான் ஈராயிரம் ஆண்டாகக் கப்பல் வாணிகம் நடந்தது. துறை இல்லையாயின் வாணிகம் எங்ஙனம் நடந்தது என்று வினவுவார் அரியர். அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இக்கரையின் துறைகளிற் பெரும்பாலன ஆற்றுமுகங்களாம். கடுவையாறு நாகப்பட்டினத்துக்கும், அரசலாறு காரைக்காலுக்கும், வெள்ளாறு பரங்கிப்பேட்டைக்கும், கெடிலமும் உப்பனாறும் கூடலூருக்கும் துறையைக் கொடுத்தன. ஆற்றின் உள்ளே நீர் அமைதியாயிருக்கும். வெளியே கடல் கொந்தளிக்கும். இரண்டுக்கும் நடுவே முகத்துவாரத்தில் ஒரு மணற்றிட்டு நீருள் மறைந்து கிடக்கும். உள்ளே புகுதலும் வெளிப்போதலும் அத்திட்டைத் தாண்டுவதைப் பொறுத்தன.

அத்திட்டு ஓரிடத்தில் நிலையாக இருப்பதன்று. தென்றற் காலத்தில் அலை தென்கிழக்கினின்று சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் தெற்கே தள்ளும். ஆண்டு முழுமைக்கும் கணக்கிடின் வடக்கே செல்வதே மிகுதி. ஆதலின் கோடையில் ஆறு வற்றியவுடன் தென்கரையிலிருந்து ஒரு மணல்நாக்கு நீண்டு முகத்தை அடைத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்து அதனை வெட்டிக்கொண்டு போகும். இதில் ஒரு விந்தை உண்டு. முகத்தை ஆழமாக்குவதும் மழைக்காலமே. கப்பலைக் கவிழ்ப்பதும் அம்மழைக்காலமே. புயல் ஓய்ந்து, திட்டு மீண்டும் வளர்வதற்கு முன் உள்ள தை, மாசி, பங்குனி மாதங்களே சிறு தோணிகளுக்கு உகந்த காலமாயின.

ஓதத்தின் உதவியும் இங்கே சிறிது. காம்பே வளைகுடாவில் ஓதம் முப்பதடி ஏறுவதுண்டு. அங்கே கப்பல்கள் ஏற்றத்தோடு உள்ளே வந்து, வற்றத்தில் சேற்றில் அமர்ந்து சரக்கிறக்கும். நம் கரையிலோ அமாவாசை பௌர்ணமி நாட்களிலும் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மூன்றடியைச் சுற்றியே நிற்கும். ஆனால் திட்டின்மேல் நான்கடி நீரே உள்ளவிடத்து அம்மூன்றடி வாழ்வா சாவா என்பதைத் தீர்த்துவிடும். வற்றம் தொடங்கியபின் புகுவது ஆகாது. வெளியே ஓடும் ஆற்றுநீரும் உள்ளே வரும் அலையும் எதிர்த்து நின்று, அலை செங்குத்தாக எழுந்து உடையும். ஆகவே ஏற்றம் முடிவதற்குச் சற்று முன்னரே, பெரிய அலைகள் சில கடந்துபோகக் காத்திருந்து, அடுத்த அலையின் முதுகிலேறித் தோணியை உள்ளே விடுவர்.

ஆறும் இல்லாத இடங்களில் கப்பல்கள் ஒரு மைல் இரண்டு மைலுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, கரைக்கும் கப்பலுக்கும் இடையே சலங்குகள் ஓடின. இவற்றையே வெள்ளைக்காரர் மசூலா என்றனர். சலங்கில் ஓர் இரும்பாணியும் இல்லை. உள்ளே விலாச்சட்டமும் இல்லை. பலகைகளைத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். ஆணியடித்த ஐரோப்பியப் படகு மணலில் மோதினால் பிளக்கும். தைத்த சலங்கு வளைந்துகொடுத்துத் தப்பும். எந்நேரமும் நீர் கசியுமாதலின் இறைப்பதற்கென்றே ஆள் இருப்பான். பக்கத்தே கட்டுமரங்கள் செல்லும். சலங்கு கவிழ்ந்தால் நீரில் விழுந்தாரை எடுப்பது அவற்றின் கடன். கட்டுமரம் என்னும் நம் சொல்லே ஆங்கிலம் முதலிய மொழிகளிற் புகுந்தது என்பது யாவரும் அறிந்ததே. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்புளூஸ் என்னும் நூலிலும், இக்கரையில் மரங்களைப் பிணைத்த 'சங்கரா' என்னும் மரக்கலங்களும், கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் பெருங்கலங்களும் குறிக்கப்பட்டுள்ளன.

இனிக் கோடிக்கரையில் ஒரு தோணியேறி வடக்கே செல்வதாகக் கொள்வோம். சோழகம் பின்னே வீசுகின்றது. வலப்புறம் திறந்த கடல். இடப்புறம் முதலிற் பெருந்துறையாக எதிர்ப்படுவது நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய மன்னன் இங்கே எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தி லெய்டன் செப்பேடுகளால் விளங்கும். கடல் கடந்த ஓர் அரசன் கோயிலெடுக்கும் அளவுக்கு இத்துறையின் போக்குவரவு இருந்தது. போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் 1658இல் இதனைக் கைக்கொண்டனர். 1690இல் பழவேற்காட்டை விட்டுத் தம் சோழமண்டலத் தலைமையிடத்தையே இங்கு மாற்றினர். 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கொடிகள் மாறின, கடுவையாற்று மணற்றிட்டு மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மலேயாவுக்குச் சென்ற ரஜூலா என்னும் நீராவிக் கப்பலும் வெளியே கடலில் நின்றே பிரயாணிகளை ஏற்றிற்று.

அடுத்துத் தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனியர் 1620இல் இங்கே கோட்டை கட்டினர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். சீகன்பால்கு ஐயர் 1706இல் வந்திறங்கியதும், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியதும் இங்கேதான். ஆழ்துறை இல்லாத இவ்வூரில் அச்சுப்பொறியும் ஈயவெழுத்தும் அலைமேற் படகிலேறியே கரை கண்டிருத்தல் வேண்டும். அப்படகோட்டிகளின் பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்புறத்தைக் கடல் அரித்துக்கொண்டது.

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரைப் பற்றிப் புலவர் பலர் விரித்துரைத்துள்ளமையின் ஒன்றே சொல்லுவோம். 1960களில் தொல்பொருள் துறையார் கீழையூரில் அகழ்ந்தபோது, செங்கற் படித்துறையும், படகு கட்டும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. அவை கடலோரத்தில் இல்லை. ஆற்றின் பழைய கால்வாய்க் கரையில் இருந்தன. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டிலும் அப்படியே. 1945இல் வீலர் துரை அகழ்ந்து ரோமானிய மட்கலங்களை எடுத்த அவ்விடம் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலுள்ளது. முன்னோர் துறையை அலையின் வாயில் வைக்கவில்லை, ஆற்றின் மடியில் வைத்தனர்.

பரங்கிப்பேட்டை, கூடலூர், மரக்காணம், சதுரங்கப்பட்டினம் ஆகியவற்றை இன்று கடந்துபோவோம். புதுச்சேரியில் மட்டும் சற்றுத் தங்க வேண்டும். ஆனந்தரங்கம் பிள்ளையவர்களின் தினசரியைப் படித்தார், கப்பல் வரவை அவ்வூர் எவ்வளவு ஆவலோடு எதிர்நோக்கியது என்பதை அறிவர். அக்டோபர் நடுவில் கப்பல்கள் இக்கரையை விட்டு அகல்வது பழைய வழக்கம். 1746இல் சென்னையைப் பிடித்த லபூர்தொனே என்னும் பிரெஞ்சுத் தளபதி அக்டோபர் 13ஆந் தேதியிரவு வரை அங்கேயே கப்பல்களை நிறுத்திவைத்தார். அவ்விரவிலெழுந்த புயலிற் கப்பல்கள் சில மூழ்கின, ஏனையவை பாய்மரம் முறிந்தன. 1761 ஜனவரி முதல் நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களுக்கும் இக்கதியே நேர்ந்தது. ஆயிரவர்க்கு மேல் மாண்டனர். வாடையும் கொண்டலும் எந்தக் கொடிக்கும் அஞ்சுவனவல்ல. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய பிரயாணிக் கப்பலும் பருவமழையை முன்னிட்டுச் சின்னாளில் நிறுத்தப்பட்டது.

இத்துறைகள் மணலடைத்து அழிந்தன என்று சொல்லுவது முழு உண்மையன்று. மணல் என்றும் இருந்தது. அதற்கேற்ற தோணியும் இருந்தது. கப்பல் பெரிதாயிற்று, புகைவண்டி வந்தது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு இருப்புப்பாதை ஓடியபோது துறைக்கு வாழ்வு வந்ததென்று கருதினர். பின்னர் அப்பாதைகளே சரக்கைச் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இழுத்துச்சென்றன. சென்னையிலோ கடலுக்குள் சுவரெழுப்பத் தொடங்கி, 1881 நவம்பர்ப் புயலில் அதனைப் பறிகொடுத்து, மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கிய வாயில் மணலால் தூரவே, 1904க்குப் பின் ஸ்பிரிங் துரை காலத்தில் அதனை அடைத்து வடகிழக்கில் வேறு வாயில் வைத்தனர். அச்சுவர் தடுத்த மணல் தெற்கே குவிந்து அகன்ற கடற்கரையாயிற்று. வடக்கே இராயபுரம் பக்கத்தில் மணல் வராமையாற் கடல் குடிசைகளைத் தின்றது. துறையெடுப்பதன் விலையை ஏழை மீனவர் கொடுத்தனர். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரிக் கிளைகளின் முகங்களை வெட்டும் வெள்ளமும் குறைந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கும்பினியார் தம் கப்பல்களுக்குக் கணக்கு வைத்தனர். அவற்றைக் கொண்டே சரித்திரம் எழுதப்படுகின்றது. சிறு தோணிகளின் கணக்கு வணிகர் வீட்டு ஓலைகளிலும் பேரேடுகளிலும் இருந்தது. நம் அங்கத்தினர் இல்லங்களில் பரணிற் கிடக்கும் பழைய ஏடுகளில் பாக்கு, துணி, நெல், உப்பு என்று துறையின் பெயரோடு ஒரு வரி காணப்படினும், அதனைப் பழம்பேப்பர்க்காரனுக்குப் போடாமல் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டுகின்றோம். கறையான் அரித்த பக்கமாயினும் குற்றமில்லை.

நம் தோணி பழவேற்காட்டை அடைந்துவிட்டது. டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எடுத்த இவ்வூரில், கோட்டை இடிந்து மேடாகி, அவர்தம் கல்லறைகள் மட்டும் எழுத்துக்களோடு நிற்கின்றன. ஏரிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள முகத்துவாரம் கோடையில் அடைபடும். அப்போது படகு கடலுக்குப் போகாது. கடலினின்று இறால் ஏரிக்குள் வாராது. மீனவர் தாமே கூடி, மண்வெட்டி கொண்டு மணலை வெட்டி வழி திறப்பதுண்டு. அடுத்த கோடையில் மீண்டும் வெட்டுவர்.