வேலை நேரமும் விளைபயனும்

உழைக்கும் நேரம் நீளுந்தோறும் விளைபயனும் பெருகும் என்பது பலரும் ஆராயாது ஏற்கும் கருத்தாகும். அது முழுதும் பொருந்தாமையை முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டன் வரலாறு தெளிவுறுத்துகின்றது.

1915-ஆம் ஆண்டில் பிரிட்டானியப் படைக்குப் பீரங்கிக் குண்டுகள் போதவில்லை. ஆதலின் போர்க்கருவித் தொழிற்சாலைகளில் ஆடவரும் மகளிரும் பலர் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வின்றி உழைத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில், அவர்தம் உடல்நலத்தை ஆராய, சர் ஜார்ஜ் நியூமன் தலைமையில் குழுவொன்றை அரசு அமைத்தது. அக்குழுவின்பொருட்டு உடலியலறிஞர் எச். எம். வெர்னன், தொழிலாளர் உழைத்த நேரத்தையும் அவர்கள் ஆக்கிய பொருளின் அளவையும் கணக்கிட்டார். நேரம் குறைந்தபோது மணிதோறும் ஆக்கம் மிகுந்ததை அவர் கண்டார்.

2014-இல் ஜான் பென்கவெல் என்னும் பொருளியலறிஞர் அக்கணக்குகளை மீண்டும் ஆராய்ந்தார். வாரத்திற்கு ஏறத்தாழ 49 மணி வரை ஆக்கம் நேரத்திற்கேற்ப வளர்ந்தது. அதற்கு மேல் வளர்ச்சி தளர்ந்தது. 70 மணி உழைத்துப் பெற்ற ஆக்கம், 56 மணியில் பெற்றதனின் பெரிதும் வேறுபடவில்லை. எஞ்சிய 14 மணி உழைப்பு ஏறக்குறைய வீணாயிற்று எனலாம். களைத்த கை விரைந்து இயங்காது. வார ஓய்வு இன்றேல் அக்களைப்பு நாள்தோறும் திரளும்.

1919-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. 1948-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டமும் வாரத்திற்கு 48 மணியையே எல்லையாகக் கொண்டது. இதனைத் தொழிலாளர்பால் காட்டிய இரக்கமென்று கருதுவோர் உளர். நாட்டின் வாழ்வே குண்டுகளின் எண்ணிக்கையைப் பற்றி நின்ற காலத்துக் கணக்குகளோ, ஓய்வு தொழிலையும் வளர்க்கும் என்பதற்குச் சான்றாகின்றன.