இமைப்பொழுதில் மறையும் வானொளி

ஹிஜ்ரி 396ஆம் (கி.பி. 1006) ஆண்டில் வானில் புதியதொரு விண்மீன் தோன்றியது. அப்போது கல்வியின் தொடக்கநிலையில் இருந்த எகிப்திய அறிஞர் அலீ இப்னு ரிள்வான் அதனைக் கண்டார். வெள்ளிக் கோளைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக அது தோன்றியதென்றும், நிலவொளியில் காற்பங்கினும் சற்றுக் கூடுதலாக ஒளிர்ந்ததென்றும் பின்னாளில் தாலமியின் நூலுக்கு எழுதிய விரிவுரையில் குறித்துள்ளார். கோள்கள் அன்றிருந்த பாகைகளையும் எழுதி வைத்தார். பெருமிதச் சொற்களைவிட இந்தப் பாகைக் கணக்கே இன்றைய வானியலாருக்குப் பயன்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அவ்விண்மீன் மாதக்கணக்கில் நின்று ஒளிர்ந்தது. எழுதிவைக்க அவகாசம் இருந்தது. காமாக்கதிர் வெடிப்போ சில நொடிகளில் முடிந்துவிடுவது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று அதனைத் தற்செயலாகப் பதிவு செய்தன. 1973இல்தான் செய்தி வெளியாயிற்று. 1997 பிப்ரவரியில் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் திசையைச் சுட்டியபின் ஒரு வெடிப்பின் கண்ணுறு ஒளி முதன்முறையாகப் படமாக்கப்பட்டது. எனினும் அது பல மணி நேரம் கழித்து எஞ்சிய தணல் மட்டுமே. தீ எரியும்போதே காண மனிதக் கை போதாது.

இக்குறையை நீக்கியது 'ரோட்ஸி'. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஏகர்லாஃபும் அவர்தம் குழுவினரும் நியூமெக்சிகோவின் லாஸ் அலமாஸில் இதனை இயக்கினர். தொலைநோக்கி என்பதுகூட மிகைதான்! புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் நான்கு கேனான் லென்சுகள், அவற்றின் பின்னே மின்னணுக் கேமராக்கள், விரைந்து திரும்பும் ஒரு தாங்கி, ஒரு கணினி. செயற்கைக்கோளின் எச்சரிக்கை இணையவழி வந்ததும் எவர் அனுமதிக்கும் காத்திராமல் கருவி தானே அத்திசை திரும்பும். 1999 ஜனவரி 23, பின்னிரவு 2 மணி 47 நிமிடம். வெடிப்பு தொடங்கிய 22ஆம் நொடியில் முதற்படம் பதிவாயிற்று. அடுத்த அரை நிமிடத்திற்குள் ஒளி ஏறத்தாழ 9ஆம் பருமனை எட்டியது. இருகண் நோக்கியிலேயே தென்படும் அளவு அது. பத்து நிமிடங்களில் பெரிதும் மங்கியது. அவ்வொளி புறப்பட்டு 900 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது என்பது பின்னர் தெரிந்தது.

'தாரிக்' என்னும் அரபுச் சொல்லுக்கு இரவில் வருவது என்று பொருள் உண்டு. அதைக் கொண்டே இவ்வெடிப்பு முன்னரே அறிவிக்கப்பட்டது என எழுதிவிடத் துணிவோர் நம்மிடையே உளர். இது தஃப்ஸீர் கலைக்கும் நீதியன்று, வானியலுக்கும் நீதியன்று.

2008 மார்ச் 19 அன்று, ஸூஃபியின் விண்மீன் நூல் 'அல்அவ்வா' என அழைக்கும் உருவில், அதாவது பூட்டெஸ் விண்மீன் கூட்டத்தில், வெறுங்கண்ணுக்கே புலப்படும் வெடிப்பு நிகழ்ந்தது. அதன் ஒளி வந்த காலம் ஏறத்தாழ 750 கோடி ஆண்டுகள். அரைமணி நேரத்துக்கு முன் அருகிலேயே வேறொரு வெடிப்பு நிகழ்ந்ததால், சிலி நாட்டிலிருந்த தானியங்கிக் கேமராக்கள் ஏற்கெனவே அப்பக்கம் நோக்கியிருந்தன. ரோட்ஸியின் அடுத்த தலைமுறைக் கருவிகள் நான்கனுள் ஒன்று துருக்கியில், அந்தாலியாவை அடுத்த பக்கிர்லிதெப்பே மலையில் நிறுவப்பட்டது.