லித்தியம் என்னும் உப்பின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் நிதானமாகப் படிக்கலாம்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். யார், எந்த வருஷத்து செட் என்று யாரும் துப்பறிய வேண்டாம். "சார், எனக்கு பைபோலார்னு சொல்லி லித்தியம் எழுதிக் கொடுத்திருக்காங்க. பேட்டரியில போடுறதுதானே சார் அது? எட்டு மாசமா நல்லா இருக்கேன். இனிமே எதுக்கு, நிறுத்திருன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தார்.

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், 1997 முதல் நானும் அதே மாத்திரை சாப்பிடுகிறவன். அது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்; மீதிப் பேர் தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள். மற்ற மாணவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். கரும்பலகையில் எழுதும்போது என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "சார் நைட்டு போட்டிருப்பாருடா" என்று பின்பெஞ்சில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்ததுதான். சார் நைட்டு போட்டது உண்மைதான். லித்தியம் கார்பனேட்.

நான் டாக்டர் இல்லை, வரலாற்று வாத்தியார். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், வரலாறாகவே சொல்கிறேன். அந்த மாணவருடைய கேள்வியை உலகம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டு, சோதித்துப் பார்த்து, பதிலும் எழுதிவைத்திருக்கிறது.

பேட்டரியில் போடுவதும் இதே லித்தியம்தான். 1817ஆம் ஆண்டு ஸ்வீடனில் ஊட்டோ என்ற தீவிலிருந்து வந்த ஒரு கனிமத்தை ஆராய்ந்தபோது ஆர்ஃப்வெட்சன் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். கல்லிலிருந்து கிடைத்ததால், கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மூட்டு வீங்கும் 'கௌட்' நோய்க்கு இதைக் கொடுத்தார்கள். யூரிக் அமிலத்தைக் கரைக்கும் என்று நம்பிக்கை. பிறகு லித்தியம் கலந்த தண்ணீர், சோடா என்று அமெரிக்காவில் பெரிய வியாபாரம். நீங்கள் குடிக்கும் செவன் அப் 1929இல் சந்தைக்கு வந்தபோது அதில் லித்தியம் சிட்ரேட் இருந்தது, 1948இல்தான் எடுத்தார்கள். மனநோய்க்கும் அங்கொருவர் இங்கொருவர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், டென்மார்க்கில் லாங்கே சகோதரர்கள் உட்பட. ஆனால் எல்லாம் மறந்துபோயிற்று.

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. சாங்கி என்றால் இன்று நமக்கு சிங்கப்பூர் விமான நிலையம். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது அது போர்க்கைதிகள் முகாம். அங்கே மூன்று வருஷத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர்களில் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவரும் ஒருவர். சத்துக் குறைவால் கைதிகளுக்கு உடம்பு கெடும்போது மனமும் சேர்ந்து கெடுவதை அவர் அங்கே கண்ணால் பார்த்தார். மனநோய்க்கும் உடம்பில் ஓடும் ஏதோ ஒரு பொருள் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார்.

திரும்பியவருக்கு மெல்போர்ன் பக்கத்தில் பண்டூரா என்ற இடத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான மனநல மருத்துவமனையில் வேலை. ஆராய்ச்சிக் கூடம் எதுவும் கிடையாது. உபயோகத்தில் இல்லாத ஒரு சமையலறைதான் கூடம். நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தாராம். அவர் மனைவி எவ்வளவு பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும் என்று என் மனைவி இதைக் கேட்டதும் சொன்னாள். அந்தச் சிறுநீரைக் கினி பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். யூரிக் அமிலத்தின்மேல் சந்தேகம் வந்தது. அது தண்ணீரில் லேசில் கரையாது. லித்தியத்தோடு சேர்ந்தால் கரையும். அதனால்தான் லித்தியம் உள்ளே வந்தது, வெறும் கரைப்பதற்கு! கடைசியில் லித்தியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தால், சும்மாவே துள்ளும் பிராணிகள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு அமைதியாக இருந்தன. அவை அமைதியாகவில்லை, விஷம் ஏறிச் சோர்ந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். யூரிக் அமிலக் கணக்கும் தப்பாகவே போயிற்று. ஆனால் கேட் விடவில்லை. முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு 1948 மார்ச் 29 அன்று முதல் நோயாளிக்குக் கொடுத்தார்.

அந்த நோயாளியை மருத்துவக் கட்டுரையில் டபிள்யூ.பி. என்று குறித்திருக்கிறார்கள். வயது 51. ஐந்து வருஷமாக ஓயாத மேனியா. தூக்கம் இல்லை, ஓய்வு இல்லை, கையில் கிடைத்ததை உடைப்பது, அடுத்தவர் காரியத்தில் புகுவது. சாகும்வரை அந்த வார்டுதான் கதி என்று எல்லோரும் கைகழுவிய ஆள். லித்தியம் தொடங்கிச் சில நாட்களிலேயே மாற்றம் தெரிந்தது. மூன்று வாரத்தில் குணமாகி வருகிறவர்களின் வார்டுக்கு மாற்றினார்கள். ஜூலை மாதம் வீட்டுக்குப் போய், பழைய வேலையிலும் சேர்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் என் மாணவரை நிறுத்தி வாசிக்கச் சொல்வேன். டபிள்யூ.பி. வீட்டில் நன்றாக இருந்தார். நன்றாக இருந்ததால் மருந்தில் அசட்டை வந்தது. பிறகு அடியோடு நிறுத்திவிட்டார். 1949 ஜனவரியில் பழையபடி மேனியாவோடு மருத்துவமனைக்கே திரும்பி வந்தார். மருந்தைத் தொடங்கியதும் மறுபடி தெளிந்தார். உலகத்தில் இந்தச் சிகிச்சையில் பிழைத்த முதல் மனிதரே, நமக்கெல்லாம் தோன்றுகிற அதே யோசனையைச் செய்து பார்த்துவிட்டார்.

1949 செப்டம்பரில் கேட் தன் கட்டுரையை வெளியிட்டார். மேனியா நோயாளிகள் பத்துப் பேரின் கதை அதில் இருக்கிறது. ஆனால் அடுத்த வருஷமே டபிள்யூ.பி. இறந்துபோனார், லித்தியம் உடம்பில் அதிகமாகி, விஷமாகி. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வழக்கம் அப்போது இல்லை. கேடே சில காலம் அதை ஒதுக்கிவைத்துவிட்டார்.

அதே 1949இல் அமெரிக்காவில் வேறொரு விபரீதம். இதய நோயாளிகள் உப்பைக் குறைக்க வேண்டும் என்பதற்காக, சாப்பாட்டில் தூவிக்கொள்ள மாற்று உப்பாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். பலருக்கு நஞ்சேறியது, சிலர் இறந்தார்கள். ஏன்? லித்தியத்துக்கும் நம் சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியத்துக்கும் சிறுநீரகத்துக்குச் சரியாக வித்தியாசம் தெரியாது. இரண்டும் தனிம அட்டவணையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். உப்பில்லாப் பத்தியம் இருந்தவர்களிடம் போய் இதை விற்றால் என்ன ஆகும்?

இதைச் சரிசெய்ததும் மெல்போர்ன்காரர்கள்தான். டிரவுட்னர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ரத்த மாதிரியைச் சுடரில் எரித்து, அந்த ஒளியைக் கொண்டு லித்தியத்தை அளக்கத் தொடங்கினார்கள். 1951இல் நூறு பேருக்கு மேல் சிகிச்சை கொடுத்த அனுபவத்தை எழுதினார்கள். இன்று நாம் லேபில் கொடுக்கும் 'சீரம் லித்தியம்' டெஸ்ட்டுக்கு அதுதான் பாட்டன். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக 0.6லிருந்து 0.8 வரை, சிலருக்கு 1.0 வரை இருக்கலாம். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. பலன் தரும் அளவும் கெடுதல் செய்யும் அளவும் இவ்வளவு நெருக்கமாக இருக்கிற மருந்துகள் குறைவு.

என் வீட்டிலும் இது நடந்தது. 2011இல் முழங்கால் வலிக்கு ஒரு டாக்டர் வலி மாத்திரை எழுதினார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஐந்தாம் நாள் நடை தள்ளாடியது, நாக்கு குழறியது, டம்ளர் பிடிக்க முடியவில்லை. மனைவிதான் முதலில் சந்தேகப்பட்டு ரத்தம் கொடுக்க இழுத்துக்கொண்டு போனாள். அளவு 1.9. மூன்று நாள் டிரிப்ஸ். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் சில பிரஷர் மாத்திரைகளும் லித்தியத்தை உடம்பிலேயே தேக்கிவைக்கும் என்பதை அப்போதுதான் எங்களுக்கு விளக்கிச் சொன்னார்கள். இப்போது என் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது: "நான் லித்தியம் சாப்பிடுகிறவன்." யார் என்ன மருந்து எழுதினாலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன். கத்திரி வெயிலிலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் எனக்குத் தனிக் கவனிப்பு. மாமியாருக்குப் பிரஷர் என்று வீட்டுச் சமையலில் உப்பைக் குறைத்தபோதுகூட என் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் குறைத்தோம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நன்றாக இருக்கிறவன் எதற்காகத் தொடர்ந்து சாப்பிட வேண்டும்?

டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்ற மருத்துவர் 1954இல், மேனியாவுக்கு லித்தியம் கேட்கிறது என்பதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுக் காட்டினார். அவருடைய சொந்தச் சகோதரருக்கு இளம்வயதிலிருந்தே மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. லித்தியம் தொடங்கிய பிறகு அது அடங்கியது. பாஸ்ட்ரூப் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து ஷோ 1967இல் எழுதினார்: வந்த நோயைத் தணிப்பதோடு, வராமலும் தடுக்கிறது. லண்டனில் இருந்து 1968இல் கடுமையான மறுப்பு வந்தது. இது இன்னொரு மருத்துவக் கட்டுக்கதையா என்று தலைப்பிலேயே கேட்டார்கள். பக்தர்கள் எழுதுவது ஆதாரம் ஆகாது, முறையான சோதனை எங்கே என்பது அவர்கள் வாதம். வரலாற்று வாத்தியாராக எனக்கு அந்த மறுப்பாளர்கள்மேல் மரியாதை உண்டு. ஆதாரம் கேட்பது தப்பில்லை.

டேனிஷ்காரர்களுக்குத் தர்மசங்கடம். நன்றாக இருக்கிறவர்களின் மருந்தை, சோதனைக்காக நிறுத்துவது நியாயமா? கடைசியில் செய்தார்கள். லித்தியத்தில் நிலையாக இருந்த 84 பெண்கள். 45 பேருக்கு லித்தியம் தொடர்ந்தது. 39 பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது, சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது. ஐந்து மாதத்துக்குள் வெற்று மாத்திரைக்காரர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 1970இல் இது வெளிவந்தது. அதே வருஷம்தான் அமெரிக்க அரசும் மேனியாவுக்கு லித்தியத்தை அனுமதித்தது, பல நாடுகள் அனுமதித்துவிட்ட பிறகு. தாமதத்துக்கு அந்த 1949 மரணங்கள் ஒரு காரணம். இன்னொன்று, பூமியில் கிடைக்கிற உப்புக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. லாபம் இல்லாத சரக்குக்கு எந்த மருந்து ரெப் பையைத் தூக்கிக்கொண்டு அலைவார்? இன்றும் ஒரு மாத்திரை ஒரு டீ விலைகூட வராது.

தம்பி, நீ கேட்டாயே, அந்த 39 பேரில் ஒருவராக நீயே இருந்து பார்க்க வேண்டுமா? உன் வீட்டார் கெட்டவர்கள் இல்லை. நீ நன்றாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்த எட்டு மாதத்தை உனக்குக் கொடுத்தது எது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

இதற்கு விலையும் உண்டு, மறைக்க மாட்டேன். தண்ணீர்த் தாகம், அடிக்கடி பாத்ரூம். நடுப்பாடத்தில் "ஒரு நிமிஷம்" என்று நான் ஓடியதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். கை நடுக்கம். எடை கூடியது. தைராய்டு குறைந்து, அதற்கும் தினம் ஒரு மாத்திரை. சிறுநீரகத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். கே ஜேமிசன் என்ற அமெரிக்கப் பேராசிரியை, இந்த நோயைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறவர், தாமே இந்த நோயாளி என்று 1995இல் ஒரு புத்தகத்தில் வெளிப்படையாக எழுதினார். லித்தியத்தால் தன்னால் பல வருஷம் ஊன்றிப் படிக்க முடியாமல் போனதையும் அதில் எழுதியிருக்கிறார். அளவைக் குறைத்த பிறகு அது சரியாயிற்று. ஆகவே தொல்லை இருந்தால் டாக்டரிடம் சொல், அளவை மாற்றுவார். நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் அவர் பார்வையில், மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பிள்ளைப்பேற்றுக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே பேச வேண்டும்.

எனக்கு மேனியா வந்தபோது ஆறு நாள் தூங்காமல் தமிழக வரலாற்றைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். பதினோரு நோட்டு. பரணில் இருக்கின்றன, ஒரு பக்கம்கூட இன்று விளங்கவில்லை. அதற்குப் பின்னால் வந்த ஐந்து மாதம் குளிக்கக்கூட எழ முடியாமல் கிடந்தேன். சாகலாம் என்ற எண்ணம் தினமும் வந்தது. லித்தியம் சாப்பிடுகிறவர்களிடம் தற்கொலை குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 1997க்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். மகள் கல்யாணத்தில் நின்று பந்தி பரிமாறினேன்.

கேள்வி இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், கமெண்டில் வேண்டாம். மாத்திரை எத்தனை என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பதில் வராது. மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.