காதிலே குத்திய எண்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இரண்டு இயந்திரங்கள் மறக்காது. ஒன்று சைக்ளோஸ்டைல். ஸ்டென்சில் தாளைத் தட்டச்சில் ஏற்றி அடித்து, தப்பு விழுந்த இடத்தில் சிவப்புத் திரவம் தடவி, உருளையில் மாட்டிச் சுற்றினால் சுற்றறிக்கை நூறு நூறாக விழும். கை முழுக்க மையாகும். மற்றொன்று நம்பரிங் மெஷின். ஒரு தட்டு தட்டினால் ஓர் எண், அடுத்த தட்டுக்கு அடுத்த எண். நாய், மாடு, குதிரைகளுக்கு அடையாளத்துக்காகப் பச்சை குத்தும் கருவிக்கும் இந்த இரண்டுக்கும் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? ஒன்றோடு இரத்த உறவு, மற்றொன்றோடு சாயல்.

முதலில் இரத்த உறவைச் சொல்கிறேன். மின்விளக்கு எடிசன் 1876இல் மின்பேனா என்ற ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். பேனாவின் தலையில் சிறு மோட்டார், உள்ளே ஓர் ஊசி. பேட்டரியோடு இணைத்துத் தாளின் மேல் எழுதினால் ஊசி மேலும் கீழும் படபடவென்று ஓடி, எழுத்தின் வழியெல்லாம் பொடித் துளைகளாகப் போடும். அந்தத் தாளை வைத்து மேலே மை உருளையை ஓட்டினால் அடியில் உள்ள தாளில் எழுத்து இறங்கும். குமாஸ்தாக்களுக்காகவே செய்த கருவி அது. பேட்டரியைப் பராமரிப்பது பெரும்பாடாக இருந்ததால் மின்பேனா நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் துளைத்த தாளின் வழியே மை இறக்கும் வித்தை நிலைத்தது. சிகாகோவின் ஏ.பி.டிக் எடிசனிடம் உரிமம் பெற்று 1887இல் மிமியோகிராபை விற்பனைக்குக் கொண்டு வந்தார். லண்டனில் டேவிட் கெஸ்டெட்னர் அதே வித்தையைத் தன் வழியில் வளர்த்தார். நம் அலுவலகங்களில் நின்ற இயந்திரங்கள் அந்த வம்சம்தான்.

மின்பேனாவுக்கு இன்னொரு பிள்ளையும் பிறந்தது. நியூயார்க்கில் பச்சை குத்தும் தொழில் செய்த சாமுவேல் ஓ'ரைலி, தாளைத் துளைக்கும் ஊசி தோலையும் துளைக்குமே என்று கண்டுகொண்டார். ஊசியை மாற்றி, மை வைக்க இடம் செய்து, 1891 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். மின்சாரப் பச்சைக் கருவி இப்படித்தான் வந்தது. சைக்ளோஸ்டைலும் அதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பின்னாளில் பிரான்சில் நாய்க்கும் பூனைக்கும் எண் எழுதிய 'தெர்மோகிராப்' என்ற கைக்கருவியும் இதே குடும்பம்.

இனி சாயல். கால்நடைக்கு அடையாளம் என்றால் நம் ஊரில் சூடு போடுவதுதான் பழைய வழக்கம். சூட்டில் நுணுக்கமாக எழுத முடியாது, தோலின் விலையும் கெடும். அதற்கு மாற்றாக வந்தது பச்சை குத்தும் இடுக்கி. பார்ப்பதற்குப் பெரிய பாக்குவெட்டி மாதிரி இருக்கும். ஒரு தாடையில் ஒரு காடி. அதில் எழுத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகச் சொருக வேண்டும். ஒவ்வொரு கட்டையிலும் ஓர் எண்ணோ எழுத்தோ ஊசி முனைகளால் அமைந்திருக்கும். எதிர்த் தாடையில் ரப்பர். காதை ஸ்பிரிட்டால் துடைத்து, இரத்த நாளம் இல்லாத இடமாகப் பார்த்து, இடையில் வைத்து ஒரே அமுக்கு. பிறகு மையைக் கட்டைவிரலாலோ பல் துலக்கும் பிரஷ்ஷாலோ துளைகளில் தேய்ப்பார்கள். கறுத்த காது என்றால் பச்சை மை. அடுத்த விலங்குக்குக் கட்டையை மாற்றிச் சொருகினால் அடுத்த எண். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஓர் அட்டையில் குத்திப் பார்த்துக்கொள்வார்கள், எண் தலைகீழாகச் சொருகியிருக்கிறதா என்று. நம்பரிங் மெஷினை நாம் கழிவுத் தாளில் ஒரு தரம் தட்டிப் பார்ப்போமே, அந்தப் புத்திதான்.

இவ்வளவு பாடு எதற்கு? ஏமாற்று வேலை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதால்தான். அமெரிக்காவில் பாடி பாரி என்று ஒரு கில்லாடி இருந்தான். நன்றாக ஓடும் குதிரைக்கு மருதாணிச் சாயம் பூசி, சோனிக் குதிரையின் பெயரில் பந்தயத்தில் விட்டுப் பணம் பார்ப்பது அவன் தொழில். 1931இல் மேரிலாண்ட் மாநிலத்தில், ஹாவ்ர் த கிரேஸ் மைதானத்தில், அக்னாட்டன் என்ற குதிரையை ஷெம் என்ற பெயரில் ஓட விட்டான். நம் பெண்கள் கையில் வைத்துக்கொள்ளும் மருதாணி அங்கே குதிரையின் அடையாளத்தையே மாற்றியது! இந்த மாதிரி மோசடிகளைத் தடுக்கப் பந்தயக்காரர்கள் 1946இல் ஒரு பாதுகாப்பு அமைப்பை ஏற்படுத்தினார்கள். எஃப்.பி.ஐ.யில் இருந்த ஸ்பென்சர் டிரேட்டன் அதன் தலைவர். மறு ஆண்டிலிருந்து பந்தயக் குதிரைகளின் மேலுதட்டைப் புரட்டி உட்புறத்தில் எண் குத்தினார்கள். பிறந்த ஆண்டுக்கு ஓர் எழுத்து: 1971இல் பிறந்தால் ஏ, 1996இல் பிறந்தால் இசட், 1997இல் மறுபடியும் ஏ. அதன்பின் வரிசை எண். பந்தயத்துக்கு முன் உதட்டைப் புரட்டி, கையிலுள்ள ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சாயம் பூசுகிறவன் உதட்டுக்குள் என்ன செய்வான்?

நாயின் கதை இதைவிட உருக்கமானது. 1965இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெப்பர் என்ற டால்மேஷன் நாய் காணாமல் போயிற்று. வீட்டார் தேடி அலைந்து, நாய் வியாபாரி ஒருவரின் வண்டியில் அது இருந்ததாகக் கேள்விப்பட்டுப் பின்தொடர்வதற்குள், நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சி மேசையில் அதன் உயிர் போய்விட்டது. செய்தி நாட்டையே உலுக்கியது. 1966 ஆகஸ்டு 24இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வியாபாரிகள் ஆராய்ச்சிக்கு விற்கும் நாய்க்கும் பூனைக்கும் அடையாளக் குறி இருக்க வேண்டும், கணக்கும் இருக்க வேண்டும் என்றது அது.

பிரான்சு இதை இன்னும் முறையாகச் செய்தது. 1989 ஜூன் 22 சட்டப்படி, நாயையோ பூனையையோ விற்றாலும் இனாமாகக் கொடுத்தாலும் பச்சை எண் கட்டாயம். 1999 ஜனவரிச் சட்டம், அதன்பின் பிறந்து நான்கு மாதம் தாண்டிய எந்த நாய்க்கும் அடையாளம் வேண்டும் என்றது. எண் பெரும்பாலும் காதின் உட்புறத்தில், சில சமயம் தொடையின் உட்பக்கத்தில் இருக்கும். எண் மட்டுமா? அங்கே சாதி நாய்க்குட்டிக்குப் பெயர் வைப்பதற்கும் ஆண்டுக்கு ஓர் எழுத்து. 2024இல் பிறந்தால் வி, 2025இல் பிறந்தால் ஏ. நம் ஊரில் நட்சத்திரம் பார்த்து முதலெழுத்து சொல்வார்களே, அதுபோல அங்கே நாய்க்கு ஆண்டெழுத்து! எத்தா சிவில் பதிவேடுகளைப் பார்த்து வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பிரெஞ்சுக் கண்டிப்பு புதிதல்ல. பிறந்தால் ஏட்டில் ஏறு, இடம் மாறினால் ஏட்டில் மாற்று.

இந்தக் கருவியில் ஒரு குறை இருந்தது. பள்ளியில் எங்களுக்கு மேசையில் குழி பதித்து ஊதா மைக்கூடு வைத்திருப்பார்கள். பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். ஒருவன் பேனாவிலுள்ள தூசி எல்லார் மையிலும் போய்ச் சேரும். இடுக்கி விஷயத்திலும் அதுதான் நடந்தது, தூசிக்குப் பதில் இரத்தம். ஒரு மாட்டின் காதில் குத்திய ஊசியை நன்றாகச் சுத்தம் செய்யாமல் அடுத்த மாட்டின் காதில் குத்தினால், முதல் மாட்டின் நோய் இரண்டாவது மாட்டுக்குப் போகும். மாடுகளுக்கு வரும் லூக்கோசிஸ் என்ற இரத்தப் புற்றுநோயின் வைரஸ் இப்படிப் பரவக் கூடியது. காதில் மரு வருவதும் உண்டு. கட்டையை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியில் முக்கி எடுக்கலாம்தான். ஆனால் நூறு மாடு வரிசையில் நிற்கும்போது அவசரத்தில் விட்டுப் போகிற வேலை அது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் மாற்றிப் போடும் ஊசியும் மைக் குப்பியும். ஊசியும் அதற்குரிய மையும் ஒரே சிறு கூட்டில் அடைத்து வரும். கைப்பிடி அப்படியே இருக்க, ஒரு விலங்குக்கு ஒரு கூடு. குத்தி முடித்ததும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டலாம். பொது மைக்கூடு கிடையாது, ஊசி கழுவும் வேலையும் கிடையாது. பிரெஞ்சில் பேனாவின் மைக்குப்பிக்கு 'கார்த்தூஷ்' என்று பெயர், துப்பாக்கித் தோட்டாவுக்கும் அதே பெயர்தான். மைக்கூட்டிலிருந்து கார்த்தூஷ் பேனாவுக்கு நாங்கள் மாறியபோது சட்டைப்பை தப்பியது. இங்கே மாடு தப்பியது.

சரி, குத்திய மை ஏன் ஆயுளுக்கும் நிற்கிறது? 2018இல் மர்சேய் நகரத்து விஞ்ஞானிகள் சுண்டெலிகளின் வாலில் பச்சை குத்தி இதை ஆராய்ந்தார்கள். தோலில் மை இறங்கியதும் உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அணு செத்தால் மை வெளியே வரும். உடனே புதிதாக வந்த அணு அதை எடுத்து வைத்துக்கொள்ளும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது 'சார்ஜ்' ஒப்படைப்பதுதானே! ஒரு குமாஸ்தா ஓய்வு பெறுவார், இன்னொருவர் வந்து உட்காருவார், கோப்பு மட்டும் அதே அலமாரியில் இருக்கும்.

இந்தக் கருவியின் வரலாற்றில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் வரலாறு ஆகாது. 1941 இலையுதிர் காலத்தில் ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் சோவியத் போர்க்கைதிகளின் மார்பில் எண் குத்தினார்கள். மாற்றிச் சொருகும் எண்கள் கொண்ட உலோக முத்திரை, ஒவ்வோர் எண்ணும் ஊசி முனைகளால் ஆனது. ஒரே அடியாக அடித்து, இரத்தம் வரும் புண்ணில் மை தேய்ப்பார்கள். மேலே நான் சொன்ன இடுக்கியின் வேலையை மறுபடி படித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியாது. பிறகு ஒற்றை ஊசிக்கு மாறி, முன்கையில் குத்தினார்கள். அந்த முகாமில் வழங்கிய எண்கள் 4 இலட்சத்துக்கும் மேல். அங்கேயும் ஏடு இருந்தது, ஏட்டில் ஒழுங்காக எழுதிய எழுத்தர்களும் இருந்தார்கள்.

ஆயுள் முழுக்க ஏடு எழுதிய எனக்கு இது உறுத்துகிறது. ஊசி ஒன்றுதான், மை ஒன்றுதான், ஏடும் ஒன்றுதான். அப்படியானால் வேறுபாடு எங்கே? பெப்பர் நாயின் காதில் எண் இருந்திருந்தால், அதைப் பிடித்து அதன் பெயரையும் வீட்டையும் கண்டுபிடித்திருக்கலாம். முகாமிலோ பெயரைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணை வைத்தார்கள். எண் பெயருக்குக் கொண்டுபோய் விட வேண்டும், பெயரை விழுங்கக் கூடாது. மேசைக்கு முன்னால் நிற்கும் மனிதரை நிமிர்ந்து பாராமல் "நம்பர் என்ன?" என்று மட்டும் கேட்கும் எந்த அலுவலகத்துக்கும் இது பொருந்தும்.

பணியில் இருந்த காலத்தில் ஒரு கோப்பு என் கண்ணில் பட்டது. ஒரு விதவை அம்மாள் கடனில் வாங்கிய கறவை மாடு செத்துப் போயிற்று. காப்பீடு கேட்டார். மாட்டின் காதில் மாட்டியிருந்த வில்லை முள்வேலியில் மாட்டி எப்போதோ அறுந்து விழுந்திருந்தது. வில்லை இல்லையென்றால் பணம் இல்லை என்பது விதி. ஊரே சாட்சி சொல்லியும் கோப்பு மேசை மேசையாகச் சுற்றியதே தவிர, பணம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. காதிலே ஓர் எண் குத்தியிருந்தால் அது முள்ளில் மாட்டியிருக்காதே என்று அன்றைக்கே நினைத்தேன். இன்றைக்கு நம் மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. எண் நீண்டிருக்கிறது. முள்வேலி அப்படியேதான் இருக்கிறது.

பச்சையின் காலமும் இப்போது இறங்குமுகம்தான். வயதாக ஆக எழுத்து மங்கும், உதட்டில் படிப்பது சிரமம். அமெரிக்கப் பந்தயக் குதிரைகளில் 2017 முதல் பிறந்தவற்றுக்குத் தோலுக்கடியில் மைக்ரோசிப். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நாயை அழைத்துப் போக வேண்டுமானால் 2011 ஜூலை 3க்குப் பிறகு சிப்தான் செல்லும். அதற்கு முன்னால் குத்தி, இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிற பச்சைக்கு மட்டும் விதிவிலக்கு. சிப்பில் 15 இலக்கம், பிரான்சுக்கு முதல் மூன்று இலக்கம் 250. பச்சையைக் கண்ணால் படிக்கலாம், சிப்பைப் படிக்கக் கருவி வேண்டும். மற்றபடி இரண்டும் தருவது வெறும் எண்தான். எண்ணுக்கு எதிரே பெயரையும் முகவரியையும் எழுதி வைத்திருப்பது ஏடு.

நம் சொல்தா குடும்பங்களில் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள், வீட்டில் நாயும் இருக்கும். அவர்களோடு தொலைபேசியில் பேசும்போது ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நாயின் காதில் எண் இருக்கிறதா, கழுத்தில் சிப் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. வீடு மாறியிருந்தால், தொலைபேசி எண் மாறியிருந்தால், பதிவேட்டிலும் மாற்றச் சொல்லுங்கள். தொலைந்த நாயைக் கண்டெடுத்தவர் அழைக்கப்போவது அங்கே எழுதியிருக்கும் எண்ணைத்தான்.